சாமி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது பாவமா?

கேள்வி: எனக்கு வயது 38. சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினார். பிரஷர் இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார். போன வருஷம் கால் வீங்கி மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். எட்டு மாதமாகக் கழுத்தில் குழாய் போட்டு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் காசு கட்டுகிறோம். நான் பீடி சுற்றுகிறேன். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தால்தான் ஆயிரம் முடியும். மகள் பத்தாவது, மகன் ஆறாவது. ஆட்டோவை விற்றாயிற்று. மூன்று குழுவில் கடன், அதுபோக வட்டிக்கு வாங்கியது வேறு.

கும்பிடாத சாமி இல்லை. அவருடைய தாய்மாமா, “மூணு வருஷமா பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகல, அந்தக் குத்தம்தான். மெஷினையும் ஊசியையும் நிப்பாட்டிட்டு ஒரு மண்டலம் கோயில்லயே கெடக்கட்டும்” என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஜெபத்துக்குக் கூட்டிப்போனார். விசுவாசம் முழுசாக இருந்தால் சுகம் கிடைக்கும் என்று அங்கே சொன்னார்கள். நாத்தனாரோ, “நெல்லுக்கே வேலி போட்ட சாமி உனக்குப் போடாமலா போயிருவாரு” என்கிறாள். எனக்கு ஏன் இன்னும் போடவில்லை? போன மாதம் ஒரு ராத்திரி ஆத்திரம் தாங்காமல் நெல்லையப்பர் காந்திமதி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மறுநாளே அவருக்குக் குளிர்காய்ச்சல். அது இன்னும் விட்டு விட்டு வருகிறது. நான் செய்த பாவம் அவர் தலையில் விழுகிறதா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. கடவுளை நம்பு, நம்பு என்கிறார்களே, எப்படி நம்புவது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முந்தின வரிதான் எனக்கு முதலில் முக்கியம். எல்லாரும் ஒன்றாகப் போய்விடலாம் என்ற நினைப்பு வந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். எட்டு மாதம் ஒரு மணிக்குப் படுத்து, ஐந்து மணிக்கு எழுந்து, நடுவில் கடன்காரர் முகத்தை நினைத்துக்கொண்டிருக்கும் யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் அது வருகிற ராத்திரியில் நீங்கள் தனியாக இருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 104-லும் மனநல ஆலோசனை உண்டு. இரண்டு எண்ணையும் நீங்கள் பீடி சுற்ற உட்காரும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் எலி மருந்து, வயலுக்கு அடிக்கிற மருந்து ஏதாவது இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். அவருடைய மாத்திரைகளைக்கூட ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வையுங்கள். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். உங்களைக் கையைப் பிடித்து ஜெபத்துக்குக் கூட்டிப்போன மனுஷி, ராத்திரி கூப்பிட்டாலும் வருவார். நினைப்பு வலுத்தால், எப்படி என்றெல்லாம் மனசு யோசிக்க ஆரம்பித்தால், நேரம் பார்க்காமல் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அங்கே இதற்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது.

அடுத்தது காய்ச்சல். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்டிருப்பவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அந்தக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார். படம் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கும். இதைக் குற்ற உணர்ச்சியோடு வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காதீர்கள். இதைப் படித்ததும் கூட்டிக்கொண்டு போங்கள். குழாய் எட்டு மாதமாகக் கழுத்திலேயே இருக்கிறதே, வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள். கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைக்கிற பிஸ்டுலா என்ற சின்ன ஆபரேஷன் உண்டு, அந்தக் குழாய் தடித்து ஊசி போடத் தயாராகச் சில வாரங்கள் ஆகும். அப்புறம் அந்தக் கையிலேயே ஊசி போட்டு டயாலிசிஸ் செய்வார்கள், கிருமி பயம் குறையும். அது நன்றாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விரலை வைத்தால் பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தெரியாவிட்டால் உடனே ஓட வேண்டியதுதான்.

மாமா சொல்கிற மண்டலக் கணக்கில் நான் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது. ஒரு மண்டலம் 48 நாள். வாரம் இரண்டு என்றால் பதிமூன்று, பதினான்கு டயாலிசிஸ் போய்விடும். ஒன்றிரண்டு தவறினாலே தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். கோயிலில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அதுதான். பஞ்சாமிர்தம், வாழைப்பழம், இளநீர் என்று பிரசாதமாக வருவதெல்லாம்கூட அவருக்குப் பொட்டாசியம்தான். தீர்த்தம் உள்ளங்கையில் ஒரு சொட்டு போதும். மாமாவோடு சாமியைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். அடுத்த முறை துணைக்கு அவரையே கூட்டிப்போங்கள். நாலு மணி நேரம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகன் ரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவதைப் பார்க்கட்டும். டாக்டர் வாயால் இரண்டு வார்த்தை கேட்கட்டும். நான் பார்த்தவரை, வீட்டில் அதட்டுகிற பெரியவர்கள் அந்த அறையில் பேசுவதே இல்லை. சாஸ்தாவைக் கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? அடுத்த பங்குனி உத்திரம் டயாலிசிஸ் நாளில் வந்தால் ஒரு நாள் முன்னால் மாற்றித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு, குடும்பத்தோடு போய்ப் பொங்கலிட்டு வாருங்கள். கிட்னி போனதற்கும் உத்திரத்துக்குப் போகாததற்கும் சம்பந்தமில்லை. கவனிக்காமல் விட்ட பிரஷருக்குச் சம்பந்தம் உண்டு. சர்க்கரையும் பிரஷரும்தான் இந்த நோய்க்கு முக்கியமான காரணங்கள்.

இப்போது வேலிக்கு வருவோம். நாத்தனார் சொன்ன கதை நம் ஊருக்கே பேர் தந்த கதை. வேதபட்டர் பிச்சையெடுத்துச் சேர்த்த நெல்லைச் சாமி நைவேத்தியத்துக்காகக் கோயில் முன்னால் உலரப் போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. வந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர், நெல்லில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. நெல்லுக்கு வேலி, திருநெல்வேலி. இதைச் சொல்கிறவர்கள் நடுவில் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மழை வந்ததும் பட்டர் ஓடினார். இடுப்பில் ஈரத் துணியோடு, விழுந்து எழுந்து ஓடினார் என்று என் ஆச்சி நடித்தே காட்டுவாள். நம்பினவர் ஏன் ஓட வேண்டும்? சாமி பார்த்துக்கொள்வார் என்று ஆற்றிலேயே நின்று நிதானமாக முங்கி எழுந்திருக்கலாமே. நெல்லைச் சேர்த்தது, பரப்பியது, ஓடியது எல்லாம் அவர். மழை ஒன்றுதான் அவர் கையில் இல்லை. ஓடி ஓடிக் கால் ஓய்ந்துபோய் நிற்கும் உங்களைப் பார்த்து நம்பிக்கை இல்லாதவள் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் பட்டர் கதை பாதிதான் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலி கிடைக்காத மழைகளும் உண்டு. இந்த ஊரில் எத்தனையோ பேருடைய நெல் நனைந்து முளைவிட்டிருக்கிறது, அவர்கள் கதை தலபுராணத்தில் ஏறவில்லை. “எனக்கு ஏன்” என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கையில் பதில் வைத்திருப்பவர்களிடம், அதிலும் பதிலோடு சேர்த்துப் பரிகாரச் செலவுக் கணக்கும் வைத்திருப்பவர்களிடம், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சரி, படம். சுந்தரர் கதை தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. தடுமாறிக்கொண்டு கோயில் கோயிலாகப் போகிறார். கடைசியில் திருவாரூரில் நின்று பாடும்போது அவர் கேட்கிற தோரணை கெஞ்சல் இல்லை. உம்முடைய அடியார்கள் இப்படிக் கஷ்டப்பட, நீர் பாட்டுக்கு இருக்கிறீரே என்று கேட்டு, பாட்டுக்குப் பாட்டு “வாழ்ந்துபோதீரே” என்று முடிக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், “நீரு நல்லா இரும் வே!” சாமி முகத்துக்கு நேரே சொன்னது இது. அதைத் தேவாரத்தில் சேர்த்து இன்றைக்கும் கோயிலில் ஓதுகிறார்கள். நீங்கள் ஒரு படத்தைத் திருப்பித்தானே வைத்தீர்கள்? முகத்தைத் திருப்பிக்கொள்வது வீட்டு ஆட்களிடம்தான் நடக்கும். தெருவில் போகிற யாரோவிடம் யாராவது அப்படிக் கோபித்துக்கொள்வார்களா?

அந்தக் கதையில் எனக்கு இன்னும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சுந்தரருக்குக் கண் உடனே திரும்பவில்லை. திருவெண்பாக்கத்தில் முதலில் கிடைத்தது ஒரு ஊன்றுகோல். கேட்டது கண், வந்தது கோல். அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் போன பிறகு ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. டயாலிசிஸ் உங்கள் வீட்டுக்காரருக்குக் கிட்னியைத் திருப்பித் தராது. அது கோல். கோலைக் கையில் வாங்கியவனைப் பார்த்து, கண் மேல் உனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

ஜெபத்தில் சொன்னார்களே, விசுவாசம் முழுசாக வேண்டும் என்று. அவர்கள் வேதத்திலேயே நோயாளிப் பிள்ளையோடு ஒரு தகப்பன் வருகிறான். நம்புகிறேன், என் நம்பாத தன்மைக்கும் நீரே உதவும் என்று கண்ணீரோடு சொல்கிறான். அரைகுறை நம்பிக்கைதான். முழுசாக்கிக்கொண்டு அப்புறம் வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படியெல்லாம் எழுதுகிற நான் தொடக்கத்தில் இப்படி இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், இதே நோய் வந்த ஒருவருடைய மனைவி, ஒவ்வொன்றுக்கும் “சாமி பாத்துக்கும்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய், “சாமி வந்து மெஷினை மாட்டுவாராம்மா?” என்று கேட்டுவிட்டேன். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக ஒரு நினைப்பு. அதற்குப் பிறகும் அவள் கணவனைத் தவறாமல் கூட்டிவந்தாள், என் அறைப் பக்கம் மட்டும் வரவே இல்லை. விசாரித்தால், விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து வைத்து, இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அதை நான் பிடுங்கப் பார்த்தேன். கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1988-இல் எழுதியதை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். கஷ்டத்தில் கடவுளை வைத்துக்கொள்வதில் அவர்கள் மூன்று விதம் பார்த்தார்கள்: எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு உட்காருவது, அவரை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் தானே சுமப்பது, இரண்டு பேருமாகச் சேர்ந்து சுமப்பது. அந்தப் பெண் மூன்றாவது ரகம். முதல் ரகம் என்று நினைத்துத்தான் அதட்டியிருக்கிறேன்.

சேர்ந்து சுமப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் குறுக்குத்துறையைக் காட்டுவேன். முருகன் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறார். தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும். தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் தூக்கிக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பூஜை அங்கே நடக்கும். மூலவர் ஆற்றுக்குள்ளேயே நிற்பார். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். தூணில் என் தலைக்கு மேலே வைக்கோலும் கிழிந்த சேலைத் துணியும் சிக்கிக் கிடந்தன, உள்ளே கணுக்கால் புதைய வண்டல். நாலைந்து பேர் மண்வெட்டியால் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். சாமியே வெள்ளத்தை நிறுத்தட்டும் என்று உற்சவரை அங்கேயே விட்டவர்களும் இல்லை, மூலவரைப் பெயர்த்துக்கொண்டு ஓடப் பார்த்தவர்களும் இல்லை.

உங்கள் வீட்டில் தூக்க முடிந்தது எது, முடியாதது எது என்று பார்ப்போம். கிட்னி இனி வேலை செய்யுமா, மாமா ஊரெல்லாம் என்ன பேசுவார், இதெல்லாம் மூலவர். நம்மால் அசைக்க முடியாது. தூக்க வேண்டியதில் முதலாவது காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, டயாலிசிஸும் அதில் வரும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். திங்கள்கிழமை போனால் குறைதீர்க்கும் நாள், மனுவையும் கையோடு கொடுத்துவிடலாம். அதுவரைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இடம் கேளுங்கள்; வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று 104-லேயே விசாரிக்கலாம்.

கடனைப் பொறுத்தவரை, மூன்றாவது குழுவை அடைக்க நாலாவது குழுவில் சேராதீர்கள். இதை மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி குழுக் கடன் வசூலுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்னாலும் வரக் கூடாது, மிரட்டக் கூடாது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வட்டிக்காரர் நெருக்கினால் 15100-க்குப் போன் போடுங்கள், அது இலவசச் சட்ட உதவி; பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம். மகளைப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள், இணையத்தில்தான் பதிய வேண்டும். பி.எஃப். பிடிக்கிறார்களா, மருத்துவத்துக்கு அதில் முன்பணம் எடுக்க வழி உண்டா என்று பீடிக் கடையிலும் விசாரியுங்கள்.

உங்கள் தூக்கமும் தூக்க வேண்டிய பட்டியலில்தான் வருகிறது. ஆயிரம் சுற்றினால்தான் அடுப்பு எரியும் என்பது எனக்குத் தெரியும், அதனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் மட்டும் பதினொரு மணிக்குச் சுளவை எடுத்து வைத்துவிடுங்கள், எத்தனை முடிந்திருந்தாலும் சரி. இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது, பழகிப்போய்விடும் என்று பயப்படுகிற மாதிரி எல்லாமே இல்லை, டாக்டர் சொல்லுவார்.

கும்பிடுவதைப் பற்றி. வெள்ள நேரத்தில் மேலக்கோயிலில் நடக்கிற மாதிரி, இப்போதைக்குச் சுருக்கமாக இருக்கட்டும். புதுசாக நேர்ச்சை எதுவும் போடாதீர்கள், பட்டினி விரதம் வேண்டவே வேண்டாம், கடன் வாங்கிப் பரிகாரம் கூடவே கூடாது. டயாலிசிஸுக்குக் கிளம்புகிறபோது திருநீறு பூசிவிட்டால் போதும். அதுவும் வராத நாளில் சும்மா கிளம்புங்கள்.

படத்தை எப்போது திருப்பி வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவசரமே இல்லை. கோபம் இருக்கிறவரை அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பின்பக்கத்து அட்டையில் கரப்பான் அடையும், வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதையும் ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

காய்ச்சலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் போனால் அங்கே என்ன சொன்னார்கள் என்பதையும்.